தோட்டத்துக்குப் பசுமை மறைப்பு: எந்நாளும் இலை நிற்கும் மரங்களை வரிசையாக நட்டு வளர்ப்பது எப்படி?

பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்வை விழக் கூடாது, ஆடிக்காற்று வாழையைச் சாய்க்கக் கூடாது, சாலைப் புழுதி வாசலுக்கு வரக் கூடாது. இதற்காக நர்சரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "சீக்கிரம் வளர்ற மரமா குடுங்க." ஆனால் ஆண்டுக்கு எட்டடி வளரும் மரம் நமக்கு வேண்டிய பத்தடியில் நின்றுவிடாது. மூன்றாம் ஆண்டு அது மின்கம்பியைத் தொடும். ஐந்தாம் ஆண்டு அடிக்கிளைகள் காய்ந்து விழுந்து, நாம் மறைக்க நினைத்த உயரத்தில் வெறும் தண்டுகள் மட்டும் நிற்கும். எனவே ஒரு மரம் எவ்வளவு வேகமாக வளரும் என்று கேட்பதற்கு முன், வெட்டினால் அது எப்படித் துளிர்க்கும் என்று கேளுங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கேள்வியை ஒட்டியே போகிறது.

இங்கே சொல்லப்படுவது தமிழ்நாட்டுச் சமவெளிக்கு. நீலகிரி, கொடைக்கானல் உயரங்களில் சைப்ரஸ் வேலியும் சில்வர் ஓக்கும் நன்றாக வரும். அந்த மரங்களைக் கீழே கொண்டுவந்து நடாதீர்கள்.

முதலில் உயரத்தை அளந்துகொள்ளுங்கள்

மறைப்பு எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டாம். ஒருவர் நீளமான மூங்கில் கழியின் நுனியில் துணி கட்டி, மரம் வைக்க நினைக்கும் இடத்தில் நிற்கட்டும். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, எதிர்வீட்டு ஜன்னலையோ பால்கனியையோ பாருங்கள். துணி அதை மறைக்கும் வரை கழியை உயர்த்தச் சொல்லுங்கள். அந்த உயரத்தோடு ஓரடி சேர்த்துக்கொண்டால் போதும்.

கணக்காகவும் பார்க்கலாம். உட்கார்ந்திருக்கும் உங்கள் கண் தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருக்கிறது. 30 அடி தள்ளி, பால்கனியில் நிற்பவர் கண் 15 அடி உயரத்தில். உங்களிடமிருந்து 10 அடியில் மரம் வைத்தால் 8 அடி உயரமே அந்தப் பார்வையை மறைத்துவிடும். 20 அடியில், மதில் ஓரமாக வைத்தால் ஏறக்குறைய பதினொன்றரை அடி வேண்டும். மறைப்பை உட்காரும் இடத்துக்கு அருகே கொண்டுவரக் கொண்டுவர மரம் குட்டையாக இருந்தாலே போதும், வெட்டும் வேலையும் குறையும். மதிலை ஒட்டி வீட்டைச் சுற்றி முழுக்க நடுவதைவிட, பார்வை விழும் அந்த ஒரு கோட்டில் ஏழெட்டு மரம் நடுவது பல வீடுகளுக்கு உகந்தது.

காற்றுக்கு என்றால் கணக்கு வேறு

பார்வையை மறைக்க அடர்த்தி வேண்டும். காற்றைத் தடுக்க, வரிசை கொஞ்சம் ஊடுருவ விட வேண்டும். சுவர் போல முழுக்க அடைத்த வரிசையில் மோதும் காற்று மேலே ஏறி, மறுபக்கம் சுழன்று இறங்கும். அப்படி இறங்கும் இடத்தில் சேதம் இன்னும் அதிகம். காற்றில் பாதி அளவு உள்ளே நுழைந்து வேகம் குறைந்து போகும்படி உள்ள வரிசையே நல்ல காற்றுத்தடுப்பு. மரத்தின் உயரத்தைப் போல சுமார் 10 மடங்கு தூரத்துக்கு அதன் பலன் தெரியும். 15 அடி உயர வரிசை 150 அடி வரை உதவும், முதல் 75 அடியில் நன்றாகவே உதவும்.

வரிசை காற்றுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பகுதியிலும், செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் காற்றுப் பாதையிலும் வைகாசியிலிருந்து ஆவணி வரை காற்று மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வரும். அங்கே தோட்டத்தின் மேற்கு ஓரம் முக்கியம். கடற்கரையில் கிழக்கு ஓரத்துக்கும் வரிசை வேண்டும். நடுவில் பாதைக்காக இடைவெளி விட்டால் காற்று அந்தச் சந்தில் இன்னும் வேகமாகப் புகும். பாதையைச் சாய்வாக அமைத்தோ, இடைவெளிக்கு எதிரே உள்தள்ளி நாலைந்து மரம் வைத்தோ அதை உடைக்க வேண்டும். வரிசையின் நீளம் குறைந்தாலும் இதே சிக்கல்தான். முனைகளைச் சுற்றிக் காற்று வளைந்து வரும். வரிசையின் நீளம் மர உயரத்தைப் போல 10 மடங்காவது இருக்கட்டும்.

எந்த மரம்

உயிர்வேலி என்றதும் நினைவுக்கு வரும் கிளுவை, ஒதியன், கிளைரிசிடியா மூன்றும் போத்து, அதாவது வெட்டிய கிளை, நட்டாலே பிடிக்கும், வேகமாகவும் வரும். ஆனால் கோடையில் இலை கொட்டிவிடும். மறைப்பு மிகவும் தேவைப்படும் மாசி, பங்குனியில் வெறும் குச்சிகள்தான் நிற்கும். ஆட்டுத் தீவனத்துக்கும் வேலிக்கும் அவை நல்லவை, மறைப்புக்கு ஆகாது. புங்கனும் வேம்பும் சில வாரங்கள் மட்டும் இலை உதிர்த்து உடனே துளிர்க்கும். அந்த இடைவெளியைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால், அகலமான தோட்டத்தில் வைக்கலாம்.

சவுக்கு: காற்றுத்தடுப்புக்கு முதலிடம். மணல், உப்புக்காற்று, ஓரளவு உப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் தாங்கும். நீர் கிடைத்தால் முதல் ஆண்டிலேயே 6 முதல் 10 அடி வரும். ஊசி இலை என்பதால் காற்றை வடிகட்டிப் போக விடும். வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும். காற்றுத்தடுப்புக்கென்றே தேர்ந்தெடுத்த சவுக்கு ரகங்களைக் கோவையில் உள்ள வன மரபியல் நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. தோட்டத்துக்கு வாங்கும்போது அந்த ரகங்களைக் கேளுங்கள். குறை ஒன்று உண்டு. பச்சை இல்லாத முற்றிய கிளையில் வெட்டினால் சவுக்கு துளிர்ப்பது அரிது. இளமையிலிருந்தே கத்தரிக்காவிட்டால் அடிப்பகுதி காலியாகிவிடும்.

நெட்டிலிங்கம்: நர்சரிகளில் "அசோகா" என்று கேட்டால் தருவது இதைத்தான். கிளைகள் கீழ்நோக்கித் தொங்கி, 4 முதல் 5 அடி அகலத்துக்குள் அடங்கி நிற்கும் வகையே மறைப்புக்கு ஏற்றது. படர்ந்து வளரும் இன்னொரு வகையும் உண்டு, கன்றில் அடையாளம் தெரிவது கடினம். தாய்மரத்தைக் காட்டச் சொல்லி வாங்குங்கள். முதல் ஆண்டு ஓரடி, ஒன்றரை அடிதான் வளரும். வேர் பிடித்த பின் ஆண்டுக்கு 2 முதல் 3 அடி. குறுகிய வீட்டு மனைக்கு இதைவிடப் பொருத்தமான உயர மரம் இல்லை. தேங்கும் நீரும் உப்பான போர்வெல் தண்ணீரும் இதற்கு ஆகாது.

கொடுக்காப்புளி: எங்கள் பார்வையில் மிகவும் மதிப்புக் குறைத்துப் பார்க்கப்படும் வேலி இது. எவ்வளவு வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். விதையை நேரடியாக ஊன்றலாம், வறட்சி தாங்கும், முள் இருப்பதால் ஆடும் ஆளும் நுழைய முடியாது. இரண்டு ஆண்டில் 5 முதல் 6 அடி அடர்ந்த சுவராகும். குழந்தைகள் ஓடும் பாதை ஓரத்தில் மட்டும் வேண்டாம்.

பூவரசு: கடலோரத்துக்கும் டெல்டாவுக்கும். 2 முதல் 3 அங்குலம் பருமனும் 6 அடி நீளமும் உள்ள போத்தை இரண்டடி ஆழத்தில் நட்டால், நட்ட அன்றே 4 அடி வேலி. அகன்ற இலை, வெட்டினால் நன்றாகத் துளிர்க்கும். புன்னையும் மகிழமும் இதைவிட உறுதியானவை, உப்புக்காற்றில் அசையாமல் நிற்பவை. ஆனால் மெதுவாக வளரும். அவற்றைப் பின்வரிசையில் வைத்துவிட்டுப் பத்தாண்டு காத்திருக்கும் மனம் உள்ளவர்கள் நடட்டும்.

மூங்கில்: ஒரே தூராகக் கூடி வளரும், முள் இல்லாத, மெல்லிய கழியுடைய சிறு வகைகள் மட்டும். மண்ணுக்கடியில் ஓடிப் பத்தடி தள்ளி முளைக்கும் வகை வந்துவிட்டால் அதை ஒழிக்கப் படாத பாடு பட வேண்டும். கூட்டமாக வளரும் வகையா என்று கேட்டு, தூரைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். இரண்டு மூன்று ஆண்டில் 8 முதல் 10 அடி வரும். சருகு நிறைய விழும்.

வாங்கக் கூடாதவற்றையும் சொல்லியாக வேண்டும். கோனோகார்பஸ் பார்ப்பதற்கு எல்லாத் தேவைக்கும் விடை போலத் தெரியும். பளபளவென்ற பச்சை, அசுர வளர்ச்சி, எப்படி வெட்டினாலும் துளிர்க்கும். ஆனால் அதன் வேர் தண்ணீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் தேடிப் போய் அடைக்கும், மகரந்தம் சிலருக்கு ஒவ்வாமையைத் தரும். குஜராத் அரசு 2023இல் இதை நடத் தடை விதித்தது, தமிழ்நாட்டிலும் பின்னர் தடை வந்தது. இன்னும் யாராவது விற்றால் வாங்காதீர்கள். மதிலோரம் நடும் ஃபைகஸ் (ஆல், அத்தி இன) வகைகள் சுவரைப் பிளக்கும். சவுண்டல் (சூபாபுல்) விதை போட்டுத் தெரு முழுக்க முளைக்கும்.

ஒரே மரத்தை நூறடிக்கு நடுவதைவிட இரண்டு அடுக்காக நடுவது நல்லது. பின்னால் உயர மரம், முன்னால் நொச்சி, ஆடாதோடை, விராலி போன்ற செடிகள். இந்த மூன்றையும் ஆடு பெரும்பாலும் தீண்டாது. மரத்தின் அடி காலியாகும்போது இவை அதை மூடும். ஒரு நோய் வந்தால் வரிசை முழுவதும் ஒரேயடியாகப் போகாமலும் இருக்கும்.

எங்கே, எவ்வளவு இடைவெளி

நெட்டிலிங்கத்துக்குச் செடிக்குச் செடி 4 முதல் 5 அடி. 60 அடி வரிசைக்கு 4 அடி இடைவெளியில் 16 கன்று. மூன்றடிக்கும் குறைவாக நெருக்கினால் முதல் மூன்றாண்டு அழகாக இருக்கும். பிறகு ஒளிக்குப் போட்டியிட்டு எல்லாமே மெலிந்து உயரும். சவுக்கை இரண்டு வரிசையாக, வரிசைக்கு வரிசை 4 அடி, செடிக்குச் செடி 4 அடி விட்டு, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசைக் கன்று வருமாறு நட வேண்டும். 60 அடிக்கு 16ம் 15ம் ஆக 31 கன்று. கொடுக்காப்புளி விதை இரண்டு வரிசையாக, ஓரடிக்கு ஒன்று. பூவரசுப் போத்து 3 அடிக்கு ஒன்று. சிறு மூங்கில் 4 அடிக்கு ஒன்று. எதுவானாலும் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கிப் பையிலேயே வளர்த்து வையுங்கள். பட்டுப்போன இடத்தில் அதே வயதுக் கன்றை வைக்க முடியும். அடுத்த ஆண்டு புதிதாக வாங்கி வைக்கும் சிறு கன்று பெரிய மரங்களின் நிழலில் தேறாது.

மதிலிலிருந்து நெட்டிலிங்கம் 5 அடி, சவுக்கு 6 முதல் 8 அடி, புங்கன் 10 அடிக்குக் குறையாமல் தள்ளி இருக்கட்டும். கத்தரிக்கும் வேலிக்கு, அதன் அகலத்தில் பாதியோடு ஆள் நின்று வெட்ட 2 அடி சேர்த்து விடுங்கள். இந்த 2 அடியை விடாதவர்கள் பிறகு ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டாரிடம் கேட்டுக்கொண்டுதான் மறுபக்கம் வெட்ட வேண்டியிருக்கும். செப்டிக் டேங்க், சம்ப், பழைய மண்குழாய் ஆகியவற்றிலிருந்து 15 அடி தள்ளுங்கள். கரிசல் மண்ணில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அந்த மண் ஈரத்தில் உப்பிக் கோடையில் வெடிக்கும். மரம் ஈரத்தை உறிஞ்சினால் வெடிப்பு ஆழமாகி அடித்தளம் இறங்கும். மரத்தை எந்த உயரத்தில் நிறுத்தப் போகிறீர்களோ அந்த அளவு தூரமாவது வீட்டு அடித்தளத்திலிருந்து தள்ளி வையுங்கள். மின்கம்பிக்கு நேர் கீழே 10 அடிக்கு மேல் வளரும் எதையும் நடாதீர்கள். மின்வாரிய ஆட்கள் வெட்டும்போது உங்கள் வரிசையின் அழகைப் பார்க்க மாட்டார்கள்.

குழி

நடவுக்கு ஒரு மாதம் முன்பே குழி எடுத்து ஆறவிடுங்கள். செம்மண்ணில் 2 அடி நீளம், அகலம், ஆழம். அடியில் சுக்கான் பாறை (இறுகிய சுண்ணாம்புப் படிவு) தட்டினால் கடப்பாரையால் உடைத்து ஒரு துளையாவது கீழே போக வேண்டும். இல்லாவிட்டால் குழி ஒரு தொட்டியாகி, வேர் அதற்குள்ளேயே சுற்றும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வேர் ஆழமாகவும் அகலமாகவும் ஓட இடமில்லாத மரம் பெருங்காற்றில் முதலில் விழும். அந்த வேர் எந்தப் பக்கம் ஓடும் என்பது குழி எடுக்கும் நாளிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

வேலியாகக் கத்தரிக்கப் போகும் செடிகளுக்குத் தனித்தனிக் குழி வேண்டாம். ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் நீள வாய்க்கால் போல எடுத்துவிடுங்கள்.

வடிகால் சோதனை கட்டாயம். குழியில் தண்ணீர் நிரப்பி மறுநாள் பாருங்கள். ஒரு நாள் கழித்தும் தேங்கி நின்றால், அந்த இடத்தில் ஓரடி உயர மண்மேடு போட்டு அதன் மேல் நட வேண்டும். களிமண்ணிலும் கரிசலிலும் இதுவே பாதுகாப்பு.

மண்ணை எடுக்கும்போது மேல்மண் ஒரு பக்கம், அடிமண் ஒரு பக்கம் போடுங்கள். திரும்ப நிரப்ப, ஒரு குழிக்கு மேல்மண்ணோடு நன்கு மக்கிய தொழு உரம் 5 முதல் 10 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 200 கிராம். கடற்கரை மணலில் இரண்டு சட்டி ஏரி வண்டலும் சேருங்கள். மக்காத சாணம் போடாதீர்கள். அது சூடாகி இளம் வேரைக் கெடுக்கும், கரையானையும் அழைக்கும். சவுக்குக் குழியில், வளர்ந்த சவுக்குத் தோப்பின் அடிமண் ஒரு கை போட்டால் வேர்முடிச்சு நுண்ணுயிர் கூடவே வந்துவிடும்.

கன்று

எட்டடிக் கன்றை அதிக விலைக்கு வாங்கினால் உடனே மறைப்பு கிடைத்துவிடும் என்று தோன்றும். பையில் நெடுநாள் கிடந்த கன்றின் வேர் சுருண்டு முடிச்சாகியிருக்கும். அது மண்ணில் பரவாமல் இரண்டு மூன்று ஆண்டு அப்படியே நிற்கும், பெருங்காற்றில் முதலில் சாயும். 2 முதல் 3 அடி உயரம், பென்சில் பருமனுள்ள தண்டு, அடி வரை இலை, ஆட்டினால் பையோடு சேர்ந்து அசைவது: இவை நல்ல கன்றின் அடையாளம். பையின் அடியிலிருந்து தடித்த வேர் வெளியே வந்து தரையில் இறங்கியிருந்தால் அதைத் தவிருங்கள்.

நடவு

வடகிழக்குப் பருவமழையை நம்பும் மாவட்டங்களில் புரட்டாசிப் பிற்பாதி முதல் கார்த்திகை வரை. மழையிலேயே வேர் இறங்கிவிடுவதால் அடுத்த கோடைக்கு முன் ஐந்து மாதம் கிடைக்கும். தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் குமரி, தென்காசி மேற்குப் பகுதிகளில் ஆனியிலும் நடலாம். கணவாய்க் காற்றுப் பாதையில் மட்டும் ஆடியில் நடாதீர்கள். மழை கம்மி, காற்று அதிகம், இளம் கன்று ஒரு வாரத்தில் உலர்ந்துவிடும்.

முதல் நாள் மாலையே பைகளுக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். நடும்போது பையைக் கிழித்து எடுத்து, அடியில் சுருண்ட வேரை ஓரங்குலம் வெட்டி நீக்குங்கள். பக்கவாட்டில் கத்தியால் மேலிருந்து கீழாக மூன்று இடத்தில் லேசாகக் கீறுங்கள். வேர் சுற்றுவது நின்று வெளியே கிளைக்கும். கன்றின் கழுத்து, அதாவது தண்டும் வேரும் சேருமிடம், பையில் இருந்த மட்டத்திலேயே மண்ணில் இருக்க வேண்டும். ஆழமாகப் புதைத்தால் பட்டை அழுகும். மண்ணை நிரப்பிக் காலால் அழுத்தி, சுற்றி இரண்டடி வட்டப்பாத்தி கட்டி, உடனே 10 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள்.

முட்டுக் கொடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கன்றிலிருந்து ஓரடி தள்ளி, காற்று வரும் பக்கம் கம்பு ஊன்றி, கன்றின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு இடத்தில், பழைய துணியால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். தண்டு காற்றில் கொஞ்சம் ஆட வேண்டும். ஆடும் தண்டுதான் பருக்கும், வேரும் இறுகப் பிடிக்கும். நுனி வரை இறுக்கிக் கட்டிய கன்று கம்பை எடுத்ததும் வளைந்துவிடும். ஓராண்டில் கம்பை எடுத்துவிடுங்கள்.

மறைப்பு உடனே வேண்டும் என்பவர்களுக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. கொடிக்கால்களில் வெற்றிலைக்குச் செய்வது போல, வரிசைக்கு முன்னால் 3 அடி தள்ளி அகத்தி விதையுங்கள். ஓராண்டுக்குள் 10 அடி வரும், வெயிலையும் காற்றையும் தாங்கி இளம் கன்றைக் காக்கும், கீரையும் கிடைக்கும். இரண்டாம் ஆண்டு முடிவில் தயங்காமல் வெட்டி எடுங்கள். விட்டு வைத்தால் முக்கிய மரத்தின் ஒளியை அது தின்னும்.

தண்ணீர்

முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் 5 முதல் 8 லிட்டர், பிறகு மூன்று மாதம் வாரம் இருமுறை 10 லிட்டர். மழை பெய்த வாரம் விட்டுவிடலாம். முதல் கோடையில் வாரம் இருமுறை 15 லிட்டருக்குக் குறையாமல். இரண்டாம் கோடையில் வாரம் ஒருமுறை 30 லிட்டர். தினமும் ஒரு குவளை ஊற்றுவது மிகத் தவறான பழக்கம். மேல் இரண்டங்குலம் மட்டும் நனைவதால் வேர் மேலேயே நின்றுவிடும்.

சொட்டுநீர் என்றால் கன்றின் இருபுறமும் ஓரடி தள்ளி, மணிக்கு 4 லிட்டர் தரும் சொட்டுவான் ஒவ்வொன்று. இரண்டு மணி நேரம் ஓட்டினால் 16 லிட்டர். ஆறு மாதத்தில் அவற்றை இரண்டடிக்குத் தள்ளி வையுங்கள், வேரும் கூடவே போகும். மூன்றங்குல உயரத்துக்குச் சருகோ கரும்புச் சோகையோ மூடாக்காகப் போட்டு, தண்டைச் சுற்றி நாலங்குலம் வெற்றிடம் விடுங்கள்.

சவுக்குக்கும் கொடுக்காப்புளிக்கும் யூரியா வேண்டாம், தழைச்சத்தை அவையே தேடிக்கொள்ளும். மற்றவற்றுக்கு ஆண்டுக்கு இருமுறை 5 கிலோ தொழு உரம் போதும். வேகமாக வளரட்டும் என்று உரத்தை அள்ளிக் கொட்டினால் மெத்தென்ற நீளக் கிளைகள் வந்து முதல் பெருங்காற்றில் முறியும்.

கத்தரிப்பு

மறைப்பு நன்றாக வருவதும் கெடுவதும் இங்கேதான். கத்தரிக்காத வேலி எட்டடி உயர்ந்த பிறகு அடியை நிரப்புவது கடினம். எனவே உயரும் முன்பே கிளைக்க வைக்க வேண்டும்.

கொடுக்காப்புளி இரண்டடி வந்ததும் ஓரடிக்கு வெட்டுங்கள். மனம் வராது, ஆனால் செய்யுங்கள். அங்கிருந்து நாலைந்து கிளை வரும். அவை ஓரடி வளர்ந்ததும் பாதியை வெட்டுங்கள். இப்படி ஒவ்வோர் அடி வளர்ச்சிக்கும் அரையடி இழந்து மேலே போகும் வேலியில் கோழிகூட நுழையாது. விராலிக்கும் நொச்சிக்கும் இதே முறை.

சவுக்கு 4 முதல் 5 அடி வந்ததும் நுனியில் அரையடி கிள்ளுங்கள். பக்கவாட்டில் எப்போதும் பச்சை ஊசிகள் உள்ள பகுதிக்குள் மட்டும் வெட்டுங்கள். பழுப்பான கிளையில் கத்தி வைத்தால் அந்த ஓட்டை அப்படியே நிற்கும். ஆண்டுக்கு மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவதே சவுக்குக்கு ஏற்றது.

நெட்டிலிங்கத்தின் பக்கக் கிளைகளைத் தொடாதீர்கள். நுனியை மட்டும், வேண்டிய உயரத்துக்கு ஓரடி குறைவாக இருக்கும்போதே வெட்டுங்கள். அங்கிருந்து வரும் மூன்று நான்கு புதுக் கிளைகள் வெட்டிய இடத்தை மூடி, சரியான உயரத்துக்கு வந்து நிற்கும். உயரம் தாண்டிய பிறகு வெட்டினால் கைப்பருமன் தண்டில் பெரிய காயமாகி மழைநீர் இறங்கி அழுகும்.

வடிவம் அடியில் அகலமாகவும் மேலே குறுகியும் இருக்க வேண்டும். ஆறடி வேலிக்கு அடியில் 3 அடி, மேலே 2 அடி. நேர்ச்சுவராகவோ மேலே அகன்றோ வெட்டினால் அடிக்கிளைக்கு வெயில் படாமல் காய்ந்துவிடும். அடி காலியான வேலிகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம், நீரோ உரமோ அல்ல.

காலமும் முக்கியம். கணவாய்க் காற்றுப் பகுதியில் சித்திரைத் தொடக்கத்தில், கடலோரத்தில் புரட்டாசியில், புயலுக்கு முன்பாக ஒருமுறை கிளைகளைக் குறையுங்கள். உள்ளே நெருங்கிய நான்கில் ஒரு கிளையை அடியோடு எடுத்தால் காற்று ஊடுருவிப் போகும், மரம் பாய்மரம் போல மாட்டிக்கொள்ளாது. கத்திரி வெயிலில் ஆழமாக வெட்டாதீர்கள். அதுவரை நிழலில் இருந்த உட்கிளைப் பட்டை வெந்துவிடும். வெட்டும் முன் மார்ச்சிலிருந்து ஜூலை வரை கூடு இருக்கிறதா என்று பாருங்கள். குஞ்சு பறக்கும் வரை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் வேலி ஒன்றும் கெட்டுவிடாது.

மூங்கிலில் நுனி வெட்டுவதைவிடத் தூரைக் கழிப்பதே வேலை. மழைக்காலத்தில் வரும் புதுக்கழி ஒரே பருவத்தில் முழு உயரமும் வளர்ந்துவிடும், பிறகு உயராது. நான்கு ஆண்டு கடந்த கழிகளை ஆண்டுதோறும் தரையோடு அறுத்தெடுத்தால் தூர் மூச்சுவிடும்.

கோளாறுகள்

சவுக்குப் பட்டையில் கொப்புளம் கிளம்பி வெடித்து, உள்ளே கரும்பொடி தெரிந்தால் அது கொப்புளப் பட்டை நோய். மரம் நுனியிலிருந்து காய்ந்து சாகும், காப்பாற்ற முடியாது. வேரோடு எடுத்து எரித்துவிட்டு, அடுத்த மரத்துக்கு இடையே இரண்டடி ஆழ வாய்க்கால் வெட்டி வேர்த்தொடர்பை அறுங்கள். அந்த இடத்தில் மறுபடி சவுக்கு வேண்டாம், கொடுக்காப்புளியோ பூவரசோ வையுங்கள். நீர் தேங்குவதும் மண்வெட்டியால் வேர் காயப்படுவதும் இந்நோய்க்கு வழிவிடும்.

தண்டில் நூலாம்படையும் மரத்தூளும் கலந்த பட்டை பட்டையான மூடல் தெரிந்தால் உள்ளே பட்டைப்புழு. மூடலைத் துடைத்தெடுத்து, துளையில் சைக்கிள் கம்பியை விட்டுக் குத்திப் புழுவைக் கொன்று, களிமண்ணால் அடையுங்கள். மாதம் ஒருமுறை வரிசையைச் சுற்றி வந்தால் தொடக்கத்திலேயே கண்ணில் படும்.

நெட்டிலிங்கத்தின் இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் சுண்ணாம்பு மண்ணால் வரும் இரும்புச்சத்துக் குறை. ஒரு லிட்டர் நீரில் ஃபெரஸ் சல்பேட் 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் கரைத்து மாலையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூன்று தடவை தெளியுங்கள். இலை நுனி கருகினால் தண்ணீரின் உப்பைச் சந்தேகியுங்கள். மாதம் ஒருமுறை வழக்கத்தைப் போல மூன்று மடங்கு நீர் விட்டு உப்பைக் கீழே இறக்க வேண்டும். புங்கன் இலையில் வரும் சிறு புடைப்புகளுக்கு மருந்து அடிக்காதீர்கள், அவற்றால் மரத்துக்குக் கெடுதல் இல்லை.

ஏற்கனவே அடி காலியான பழைய வரிசை இருந்தால்: பூவரசு, கொடுக்காப்புளி என்றால் மழை தொடங்கும்போது ஒன்றுவிட்டு ஒன்று இரண்டடிக்கு வெட்டுங்கள், மீதியை அடுத்த ஆண்டு. சவுக்கு என்றால் வெட்டிப் பயனில்லை. முன்னால் மூன்றடி தள்ளி நொச்சியும் ஆடாதோடையும் நட்டு மூடுங்கள்.

புயலில் சாய்ந்த மரத்தின் தண்டு இரண்டங்குலத்துக்கு மேல் பருக்காமல், ஒரு பக்க வேராவது மண்ணில் இருந்தால் நிமிர்த்தலாம். வெளித்தெரியும் வேரை உடனே ஈரச்சாக்கால் மூடுங்கள், காய்ந்துவிட்டால் பயனில்லை. இரண்டு மூன்று நாளுக்குள், மண் ஈரமாக இருக்கும்போதே, வேருக்கு அடியில் குழி அகழ்ந்து மெல்ல நிமிர்த்தி, நுனியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். மூன்று பக்கமும் முளை அடித்து, பட்டையில் சாக்குச் சுற்றிக் கயிறு கட்டி, மண் நிரப்பி மிதியுங்கள். கயிறு ஓராண்டு இருக்கட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தளர்த்திக் கட்டுங்கள். அதைவிடப் பெரிய மரத்தை நிமிர்த்தினாலும் அடுத்த புயலில் அதே பக்கம் சாயும். அதை அறுத்தெடுத்துவிட்டு, பையில் காத்திருக்கும் கன்றை அந்த இடத்தில் வையுங்கள். அதற்கு ஒளி கிடைக்கும்படி இருபுறத்து மரங்களின் கிளைகளையும் அப்போதே ஓரடி பின்னுக்கு வெட்டிவிடுங்கள்.